படம் ஓடுமா? வெள்ளிக்கிழமை ஜோசியமும் திங்கட்கிழமை தீர்ப்பும்

வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. தியேட்டர் கதவு திறக்கிறது. முதல் காட்சி பார்த்த ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெயிலுக்கு வருகிறார்கள்.

வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

"படம் எப்படி?"

"ஓகோ!" என்கிறார் ஒருவர். "ஒரு தடவை பார்க்கலாம்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் வாயைத் திறக்கவில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார். அந்த உதடு பிதுங்கியதே போதும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் சேதி பரவிவிடும்!

சினிமா ஜோசியம் சொல்லாத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? முடி வெட்டும் கடையில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில், எங்கே இரண்டு பேர் சேர்ந்தாலும் "இது ஓடும், அது ஓடாது" என்ற பேச்சுத்தான்.

இந்த ஜோசியம் பலிக்கிறதா? 2024-ம் ஆண்டிலும், 2025-ம் ஆண்டின் முதல் பாதியிலும் வந்த சில தமிழ்ப் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். நல்ல பாடம் கிடைத்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று பேர் கவலை

படம் ஓடுமா என்று கவலைப்படுகிறவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள், பட முதலாளி. கடன் வாங்கிப் படம் எடுத்தவர். படம் ஒரு வாரம் தள்ளிப்போனால் வட்டி ஒரு வாரம் ஏறும். 1958-ம் ஆண்டில் எம்.ஜி.ஆர். தம் கையிலிருந்த பணத்தை எல்லாம் போட்டு "நாடோடி மன்னன்" எடுத்தார். படம் வென்றால் தான் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவர் அப்போது சொன்னதாகச் சொல்வார்கள். படம் வென்றது. அவர் மன்னரானார். நாடோடி ஆனவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை!

இரண்டாவது ஆள், விநியோகஸ்தரும் தியேட்டர்காரரும். "எவ்வளவு வசூலானாலும் சரி, இவ்வளவு தருகிறேன்" என்று முன்கூட்டியே பேசிப் பணம் கட்டுவதை எம்.ஜி. என்பார்கள். படம் ஓடாவிட்டால் நஷ்டம் கட்டினவர் தலையில். சதவீத முறையும் உண்டு. விற்ற டிக்கெட்டில் உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் முதல் வாரத்தில் பட முதலாளியின் பங்கு அதிகம். நாளாக ஆகத் தியேட்டரின் பங்கு கூடும். ஆகவே, நீடித்து ஓடும் படத்தையே தியேட்டர்காரர் கும்பிடுவார்.

மூன்றாவது ஆள் யார்? நம் வீட்டு அம்மாதான்! டிக்கெட் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். டிக்கெட்டுக்கு மட்டும் 600 ரூபாய். போக வர ஆட்டோ, இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். படம் நன்றாக இல்லை என்றால் அந்த ஆயிரம் திரும்பி வருமா? முதலாளிக்குக் கோடி எப்படியோ, இவருக்கு இந்த ஆயிரம் அப்படி.

ஆகையால் "படம் எப்படி?" என்பது வெறும் வம்புப் பேச்சு அல்ல. மூன்று பேருக்கும் அது பணக் கேள்வி.

பெட்டி வந்த காலம்

அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குச் சில பிரதிகளே எடுப்பார்கள். முதலில் பெரிய நகரங்களில் படம் ஓடும். அங்கே ஓய்ந்த பிறகு படப்பெட்டி சின்ன ஊர்களுக்கு வரும். கடைசியில் டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். மணலில் உட்கார்ந்து பார்க்கும் ஜனங்களுக்குப் படம் வந்துசேரச் சில மாதங்கள் ஆகும்.

இதில் ஒரு நன்மை இருந்தது. முதல் வாரம் கூட்டம் இல்லை என்றாலும் படத்துக்கு மறு வாய்ப்பு உண்டு. பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்ல நேரம் இருந்தது.

இன்று பெட்டியும் இல்லை, சுருளும் இல்லை. எல்லாம் டிஜிட்டல். சென்னையில் வெளியாகும் அதே நாளில் சின்ன ஊர்த் தியேட்டரிலும் படம் வந்துவிடுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்றே நாளில் பெரும் பங்கு வசூல் முடிந்துவிடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படங்கள் வந்து கதவைத் தட்டும். நான்கு வாரம் போனால் பல படங்கள் ஓ.டி.டி. வழியாக வீட்டு டெலிவிஷனுக்கே வந்துவிடும். "கொஞ்சம் பொறுத்து வீட்டிலேயே பார்ப்போமே" என்ற எண்ணம் யாருக்குத்தான் வராது?

செய்தியும் வேகமாகப் பறக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டில் விடியற்காலைச் சிறப்புக் காட்சிகள் நிறுத்தப்பட்டு, பெரிய படங்களுக்கும் காலை 9 மணிக்கு முதல் காட்சி என்று ஆனது. கேரளத்தில் அதற்கு முன்பே படம் போட்டுவிடுவார்கள். ஆகவே தமிழ்ப் படம் எப்படி என்ற முதல் சேதி பல தடவை பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்தது. நம் ஊர் ரசிகர் பல் விளக்கும்போதே அவர் செல்போனில் தீர்ப்பு வந்துவிடும்!

பொய்த்த கணக்குகள்

இனிப் படங்களுக்கு வருவோம்.

2024-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி "இந்தியன் 2" வந்தது. 1996-ம் ஆண்டில் சக்கைப் போடு போட்ட "இந்தியன்" படத்தின் தொடர்ச்சி. அதே ஷங்கர், அதே கமல்ஹாசன், அதே சேனாபதித் தாத்தா. 28 வருஷம் கழித்துத் தாத்தா திரும்பி வருகிறார் என்றால் கூட்டம் கேட்கவா வேண்டும்? ஓகோ என்று ஓடும் என்றார்கள். முதல் நாளிலேயே "படம் நீளம்" என்ற பேச்சு எழுந்தது. மூன்று மணி நேரப் படத்தில் சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். பயன் இல்லை. எதிர்பார்த்த வசூல் வரவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 14-ந் தேதி "கங்குவா" வந்தது. சூர்யா நடித்தது. பெரிய செலவு. வெளிவருவதற்கு முன்பே ரூ.2,000 கோடி வசூல் என்ற பேச்சு, படத் தயாரிப்புத் தரப்பிலிருந்தே வந்தது. படம் வந்தது. "சத்தம் காதைத் துளைக்கிறது, முதல் அரை மணி நேரம் ஒட்டவில்லை" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சத்தத்தைக் குறைத்தார்கள். நீளத்தையும் குறைத்தார்கள். 2,000 கோடி என்ற பேச்சு கேலிப் பேச்சாகிவிட்டது.

2025-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி "தக் லைஃப்". 1987-ம் ஆண்டில் "நாயகன்" கொடுத்த மணிரத்னமும் கமலும் 38 வருஷம் கழித்துச் சேர்ந்த படம். தோல்வி காண வழியே இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். எட்டு வாரம் தியேட்டரில் மட்டும் ஓடும், பிறகுதான் ஓ.டி.டி. என்றுகூடப் பேசியிருந்தார்கள். நடந்தது என்ன? நாலே வாரத்தில் படம் வீட்டு டெலிவிஷனுக்கு வந்துவிட்டது.

இந்த மூன்று படங்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. முதல் நாள் கூட்டத்துக்குக் குறைவில்லை. கைதட்டல், பூமாலை, பேனர் எல்லாம் இருந்தன. திங்கட்கிழமைதான் காலை வாரியது.

முதல் நாள் கூட்டம் நடிகருக்கு வரும் கூட்டம். திங்கட்கிழமைக் கூட்டம் படத்துக்கு வரும் கூட்டம். இதை மறந்தவர்தான் ஜோசியத்தில் தோற்கிறார்.

குகைக்குள் விழுந்த அதிர்ஷ்டம்

சரி, யாரும் எதிர்பாராமல் ஓடிய படங்கள் எவை?

2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் தியேட்டர்கள் காற்று வாங்கின. பொங்கலுக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு புதுப் படங்கள் நிற்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் 20 வருஷத்துப் பழைய "கில்லி" படத்தை மறுபடி போட்டார்கள். அதற்கு அரங்கு நிறைந்தது! பழைய சோற்றுக்கு வரிசை, புதுப் பலகாரம் போணியாகவில்லை என்கிற நிலை.

அதற்கு முன்பே பிப்ரவரியில் ஒரு மலையாளப் படம் வந்தது. பெயர் "மஞ்ஞும்மல் பாய்ஸ்". கொச்சிக்குப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களின் கதை. 2006-ம் ஆண்டில் உண்மையாக நடந்தது. அவர்களில் ஒருவர் குணா குகைக்குள் விழுந்துவிடுகிறார். நண்பர்களே அவரை மீட்கிறார்கள். அந்தக் குகைக்கு அந்தப் பெயர் வரக் காரணம், 1991-ம் ஆண்டில் வந்த கமலின் "குணா". அந்தப் படத்தில் இளையராஜா இசையமைத்த பாட்டு இந்தப் படத்தில் உச்சக் கட்டத்தில் ஒலித்தது. தியேட்டரில் இருந்த தமிழ் ஜனங்கள் கண் கலங்கினார்கள்.

பெரிய நட்சத்திரம் இல்லை. தமிழில் டப்பிங் செய்த படமும் இல்லை. மலையாளத்திலேயே ஓடியது. தமிழ்நாட்டில் மட்டும் ரூ.50 கோடிக்கு மேல் வசூல் என்று வியாபார வட்டாரம் கணக்குச் சொன்னது. எந்த ஜோசியர் இதை முன்கூட்டிச் சொன்னார்? ஒருவரும் இல்லை.

குப்பைத் தொட்டிக்கு நூறு கோடி

ஜூன் 14-ந் தேதி "மகாராஜா" வந்தது. விஜய் சேதுபதியின் 50-வது படம். வேறு நடிகர்களோடு சேர்ந்து நடித்தால் அவர் படம் ஓடும், தனியாக நடித்தால் ஓடாது என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். முடி திருத்தும் கடைக்காரர் ஒருவர் போலீஸ் நிலையத்துக்குப் போகிறார். "வீட்டில் இருந்த குப்பைத் தொட்டியைக் காணோம், கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்கிறார்!

இதற்கா ஆயிரம் ரூபாய் செலவழிப்பது என்று கேட்கலாம். போய்ப் பார்த்தவர்கள் வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "கதையைச் சொல்ல மாட்டேன். நீயே போய்ப் பார்." இதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா? படம் ரூ.100 கோடியைத் தாண்டியது. நவம்பர் மாதத்தில் சீனாவில் வெளியாகி அங்கேயும் நன்றாக ஓடியது.

செப்டம்பர் 20-ந் தேதி "லப்பர் பந்து". புது இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து. கிராமத்து மைதானத்தில் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடும் இரண்டு பேரின் வீம்பு. ஒருவர் நடுவயதுக்காரர். மற்றவர் அவருடைய மகளைக் காதலிக்கும் பையன். பதினைந்து நாளுக்கு முன்பு வந்த விஜயின் "தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்" அப்போது பெரிய தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. "மலைக்குப் பக்கத்தில் மடு" என்றுதான் நினைத்தார்கள். ஆனால் மறைந்த விஜயகாந்த் படப் பாட்டு ஒன்று திரையில் ஒலித்தபோது தியேட்டரே எழுந்து ஆடியது. மாமனார், மாமியார், மருமகன் என்று குடும்பச் சண்டையும் சமாதானமும் இருந்ததால் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். நாளுக்கு நாள் காட்சிகள் கூடின. சிறிய பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது!

நானும் தோற்றேன்

ஊரை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. ஜோசியத்தில் நானும் தோற்றவன்தான்.

"மத கஜ ராஜா" என்று ஒரு படம். சுந்தர் சி. இயக்கம். விஷால், சந்தானம் நடித்தது. 2013-ம் ஆண்டுப் பொங்கலுக்கு வர வேண்டிய படம். பணச் சிக்கலில் முடங்கியது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, 12 வருஷம் பெட்டிக்குள் கிடந்தது!

2025-ம் ஆண்டுப் பொங்கலுக்கு அஜித்தின் "விடாமுயற்சி" தள்ளிப்போனது. இடம் காலியானது. ஜனவரி 12-ந் தேதி "மத கஜ ராஜா" வந்து நின்றது. "12 வருஷத்துப் பலகாரம் ஊசிப்போயிருக்குமே" என்று நான் நண்பர்களிடம் சொன்னேன். அந்தப் பொங்கலின் பெரிய வெற்றி அதுதான்! அதே சமயத்தில் ஷங்கரின் பிரமாண்டமான "கேம் சேஞ்சர்" தமிழிலும் வந்து தடுமாறியது.

எங்கே தவறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பண்டிகை நாளில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் ஒன்றாகப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சிரிப்பு. மறைந்த மனோபாலாவின் நகைச்சுவைக் காட்சிக்குத் தியேட்டர் குலுங்கியது. படம் எந்த வருஷத்தில் எடுத்தது என்று அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. சுந்தர் சி.யின் "அரண்மனை 4" படம் 2024-ம் ஆண்டு மே மாதத்தில் ஓடியதும் இதே காரணத்தால்தான். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை!

ஒரு குடும்பத்தின் வெற்றி

2025-ம் ஆண்டு மே 1-ந் தேதி சூர்யாவின் "ரெட்ரோ" வந்தது. அதே நாளில் "டூரிஸ்ட் ஃபேமிலி" என்ற சின்னப் படமும் வந்தது. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அதுதான் முதல் படம். வயது இருபதுகளில் உள்ள இளைஞர்.

இலங்கையில் பொருளாதார நெருக்கடி. பிழைக்க வழி இல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம் படகில் ராமேசுவரம் வருகிறது. பிறகு சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. ஊரை மறைத்து, பேச்சை மறைத்து வாழப் பார்க்கிறது. ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த அந்தத் தெருவை இந்தக் குடும்பத்தின் அன்பு ஒன்றாக்குகிறது. அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை. ஆடம்பரமான ஆட்டம் இல்லை.

முதல் நாளைவிட அடுத்த நாள்களில் கூட்டம் கூடியது. இரண்டாம் வாரமும் குறையவில்லை. "பாகுபலி" இயக்குநர் ராஜமௌலி பாராட்டினார். ஆனால் அதற்கு முன்பே நம் பக்கத்து வீட்டு அக்கா பாராட்டிவிட்டார்! "பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தைரியமாகப் போகலாம்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் படத்தை ஓட்டியது.

பெரிய படம் என்றால் தோற்கும், சின்னப் படம் என்றால் ஜெயிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2024-ம் ஆண்டு தீபாவளிக்கு வந்த "அமரன்" பெரிய படம்தான். காஷ்மீரில் 2014-ம் ஆண்டில் வீர மரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் நடித்தார்கள். போர்க்களத்தைப் பார்க்க ஆண்கள் வந்தார்கள். காத்திருக்கும் மனைவியைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். வசூல் மழை கொட்டியது. மறுபக்கம், வந்த சுவடு தெரியாமல் போன சின்னப் படங்களைக் கணக்கெடுத்தால் விரல் போதாது. 2024-ல் மட்டும் 200-க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வந்தன. எத்தனை படங்களின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது?

புதுக் கதை அல்ல

ஜோசியம் பொய்ப்பது புதிதா? இல்லை.

1952-ம் ஆண்டு "பராசக்தி" எடுக்கும்போது, ஒல்லியாக இருந்த சிவாஜி கணேசனை மாற்றிவிட்டு வேறு நடிகரைப் போடலாம் என்ற பேச்சு வந்தது. தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் பிடிவாதமாக நின்றார். அந்தத் தீபாவளிக்குப் படம் வந்தது. மற்றது சரித்திரம்.

1977-ம் ஆண்டு "16 வயதினிலே". கமல்ஹாசனுக்குக் கோவணம் கட்டிய சப்பாணி வேஷம்! வாங்க ஆள் இல்லை. தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். பாரதிராஜா என்ற இயக்குநர் பிறந்தார்.

1999-ம் ஆண்டு "சேது". சோக முடிவு என்று விநியோகஸ்தர்கள் ஒதுங்கினார்கள. பகல் காட்சியாக ஒடுங்கி வெளியான படத்தை, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே 100 நாளைத் தாண்ட வைத்தார்கள். விக்ரமுக்கு வாழ்வு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "சேது" படத்துக்கு நாள் கிடைத்தது. இன்று அதே படம் வந்தால் அந்த நாள் கிடைக்குமா? திங்கட்கிழமைக்குள் காட்சியைக் குறைத்துவிட மாட்டார்களா? இதுதான் இன்றைய சின்னப் படத்தின் உயிர்ப் பிரச்சினை.

பழி யார் மீது?

"கங்குவா" தோற்ற பிறகு 2024-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. தியேட்டர் வளாகத்தில் மைக்கை நீட்டி ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்களை உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாளைக்கு விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். உடனடித் தடை கிடைக்கவில்லை.

அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பலர் வருஷக் கணக்கில் உழைத்த படத்தை ஐந்து நிமிடத்தில் கேவலமாகத் திட்டுவது தர்மம் அல்ல. பணம் வாங்கிக்கொண்டு புகழ்வதும் இகழ்வதும் அதைவிட மோசம்.

ஆனால் ஒன்று. அதே மைக்கில்தான் "லப்பர் பந்து" நல்ல படம் என்று ஜனங்கள் சொன்னார்கள். வாயை அடைத்தால் இகழ்ச்சி மட்டுமா நிற்கும்? புகழ்ச்சியும் நின்றுவிடும். பெரிய படத்துக்குப் பேனர் இருக்கிறது. சின்னப் படத்துக்கு ஜனங்களின் வாய்தான் பேனர்.

ஓடாததெல்லாம் மோசமா?

வசூலை வைத்துப் படத்தின் குணத்தை அளக்கலாமா? கூடாது.

1954-ம் ஆண்டு ஏவி.எம்.மின் "அந்த நாள்" வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. ஜனங்கள் ஏமாந்தார்கள். படம் வசூலில் தோற்றது. இன்று தமிழ் சினிமாவின் பெருமைகளில் அதையும் ஒன்றாகச் சொல்கிறோம். 2003-ம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த "அன்பே சிவம்" தியேட்டரில் சோர்ந்துபோனது. பிறகு டெலிவிஷனில் பார்த்துப் பார்த்து ஜனங்கள் உருகினார்கள்.

2024-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த "மெய்யழகன்" படமும் இந்த வழிதான். கார்த்தியும் அரவிந்த்சாமியும் ஓர் இரவு முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நீளம் என்ற குரல் வந்ததும் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் ஓ.டி.டி.யில் வந்தது. வீட்டில் பார்த்தவர்கள் "ஐயோ, இதைத் தியேட்டரில் பார்க்காமல் விட்டோமே" என்றார்கள். பாராட்டு வந்தது, டிக்கெட் பணம் வரவில்லை!

போஸ்டரில் போடும் கோடிகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ரூ.100 கோடி வசூல் என்றால் முதலாளி கைக்கு ரூ.100 கோடி வந்ததாக அர்த்தம் அல்ல. வரி போக வேண்டும். தியேட்டர் பங்கு போக வேண்டும். விநியோகஸ்தர் கமிஷன் போக வேண்டும். மிச்சத்தில்தான் கடனும் வட்டியும். ரூ.10 கோடியில் எடுத்து ரூ.50 கோடி வசூலித்த படம் லாபம். ரூ.200 கோடியில் எடுத்து ரூ.150 கோடி வசூலித்த படம் நஷ்டம். பெரிய எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது.

நம் வீட்டு ஜோசியம்

அப்படியானால் படம் ஓடுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று அடையாளம் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்காதீர்கள். திங்கட்கிழமை மாலைக் காட்சியைப் பாருங்கள். வேலைநாளிலும் நாற்காலி பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் படம் நிற்கும்.

வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வாலிபர்கள் மட்டும் நின்றால் மூன்று நாள். கைக்குழந்தையோடு தாய்மார்களும், கைத்தடியோடு தாத்தாவும் வந்தால் மூன்று வாரம்.

வெளியே வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். நடிகரைப் பற்றியே பேசினால் சந்தேகம். கதையில் வந்த ஆளைப் பற்றி, அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினால் வெற்றி நிச்சயம்.

இதுவும் பொய்க்கலாம். "மத கஜ ராஜா"வில் தோற்றவன் சொல்கிற ஜோசியம்தானே!

கடைசியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு ஒரு படம் பிடித்திருந்தால் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் சொல்லலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். அடுத்த வாரம் அந்தப் படம் தியேட்டரில் இருக்காது. அன்றைக்கே பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். வேலை செய்யும் இடத்தில் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

பிடிக்காவிட்டாலும் சொல்லலாம். ஆயிரம் ரூபாய் செலவழித்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எது பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடிக்காத அழுகைப் படம் உங்கள் தங்கைக்குப் பிடிக்கலாம் அல்லவா?

கோடி கோடியாகக் கொட்டுகிறவர்கள் ஒரு பக்கம். பேனர் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். மைக் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தப் படத்துக்குப் போய் வரலாமா?" என்று பாட்டி கேட்கிறாரே, அந்தக் கேள்விக்குத்தான் பட உலகமே காத்துக் கிடக்கிறது!